தூத்துக்குடித் தோணிகளின் பாய்மரம்

பாய்மரம் என்பது பாயை ஏற்றிக் கட்டுவதற்காகக் கலத்தில் நட்டு நிறுத்தப்படும் நெடுமரம். சங்க இலக்கியத்தில் இது கூம்பு எனப்படுகிறது. தமிழகக் கடற்கரையில் கட்டுமரம் முதல் பெரிய சரக்குத் தோணி வரை எல்லாக் கலங்களிலும் பாய்மரம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எந்திரம் பரவும்வரை தோணியின் வேகமும் அதில் செல்பவர்களின் உயிரும் இந்த ஒற்றை மரத்தையே நம்பியிருந்தன. பழைய தோணியை விலைக்கு வாங்குபவர் அடிப்பலகைக்கு அடுத்தபடியாகப் பாய்மரத்தின் அடியைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மலையும் துறையும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் ஒன்றியத்தைச் சேர்ந்த சிலமலை, ஏலமலைச் சரிவுகளுக்குக் கிழக்கே உள்ள சிற்றூர். கடல்வாடையே இல்லாத பகுதி. ஆனால் இந்த மலைச்சரிவின் சரக்கு தோணியேறித்தான் கடல் கடந்தது. மூணாறு தேயிலைத் தோட்டங்களின் சரக்கை இறக்கக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. மாடுகள் இழுத்த அந்தப் பாதை 1908-ல் நீராவி ரயில் ஓடும் குறுகிய பாதையாக மாற்றப்பட்டது. அதன் முடிவிடமான டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கும், போடியிலிருந்து அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கும், பிறகு ரயிலில் தூத்துக்குடிக்கும் சென்றன. 1924 வெள்ளத்தில் குண்டளை ரயில் பாதை அழிந்தது. அது மீண்டும் போடப்படவில்லை. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது.

தூத்துக்குடி வரை வந்த பெட்டி உடனே கப்பலேறவில்லை. அங்கே கடல் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே பெட்டிகளையும் மூட்டைகளையும் ஏற்றிச் சென்றவை பாய் விரித்த தோணிகள். 1974-ல் புதிய ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும்வரை தூத்துக்குடியின் கடல் வணிகத்தில் இந்தத் தோணிகளுக்குப் பெரிய பங்கு இருந்தது. இவை தவிர, கொழும்புக்கும் பிற துறைகளுக்கும் நேரடியாகச் சரக்கு கொண்டு சென்ற பெரிய தோணிகளும் உண்டு.

லண்டன் சந்தைக்குச் சென்ற தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் தோட்டத்தையும் ரயிலையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நடுவிலிருந்த அந்தச் சில மைல் பாய்த்தோணிப் பயணம் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

புன்னை மரம்

தோணியின் உடல் வேம்பு, இலுப்பை போன்ற நாட்டு மரங்களால் ஆனது. வளைந்து வளரும் மரங்கள் வங்குக்கால்களுக்கு, அதாவது தோணியின் விலா எலும்புகளுக்கு, ஏற்றவை. பாய்மரத்துக்குத் தேவைப்படுவது இதற்கு நேர்மாறான குணம். கணுவில்லாமல் நெடிதாக, நேராக, ஒரே சீராக மெலிந்துகொண்டே போகும் மரம் வேண்டும். கனமும் குறைவாக இருக்க வேண்டும். உயரத்தில் இருக்கும் எடை கலத்தை உருட்டிவிடும். கடலோரச் சமவெளியில் இப்படி வளரும் மரம் அரிது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் புன்னை இனத்தைச் சேர்ந்த ஒரு நெடுமரம் வளர்கிறது. மலையாளத்தில் இதற்கு மலம்புன்னை என்று பெயர். கடற்கரையில் நிழலுக்கு நிற்கும் கோணலான புன்னையின் உறவு மரம் இது. காட்டில் ஒளியைத் தேடி மேலே போவதால் அடிமரம் தூண்போல் நேராக அமைகிறது. ஆங்கிலேயர் புன்னை என்ற பெயரை ‘பூன்’ என்று எழுதினர். கப்பல் வணிகத்தில் ‘பூன்’ என்றாலே பாய்மரத்துக்கான மரம் என்று பொருள் கொள்ளப்பட்டது. ஐரோப்பாவில் பால்டிக் கரையின் ஊசியிலை மரங்கள் செய்த வேலையை இந்தியக் கடலில் இந்த மரம் செய்தது.

கப்பல் மரத்துக்காகவே இந்தியாவில் காட்டு நிர்வாகம் தொடங்கியது எனலாம். பிரிட்டிஷ் கடற்படைக்குத் தேக்கு கிடைப்பதை உறுதிசெய்ய 1806-ல் கேப்டன் வாட்சன் மலபாரில் காட்டுப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். மர உரிமையாளர்களின் எதிர்ப்பு வலுத்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ காலத்தில், 1823-ல், அப்பதவி நீக்கப்பட்டது. பம்பாய்க் கப்பல்தளத்தில் மலபார்த் தேக்கில் கட்டப்பட்டு 1817-ல் நீரில் இறக்கப்பட்ட ‘திரிகோணமலை’ என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

போடிச் சரிவின் நிலை வேறு. மலையின் மேற்கே பாயும் ஆறுகள் ஆண்டில் பல மாதம் நீரோடுபவை; வெட்டிய மரத்தை மிதக்கவிட்டுக் கடல்துறைக்குக் கொண்டுபோகலாம். கிழக்கே இறங்கும் கொட்டகுடி ஆறு செங்குத்தானது, மழைக்காலத்தில் சீறிக் கோடையில் வற்றுவது. அறுபது அடி மரத்தை அதில் இறக்க முடியாது, மாட்டுவண்டியில் மலை வளைவுகளில் திருப்பவும் முடியாது. எனவே மலைமரம் மேற்குக் கரைத் துறைகளில் இறங்கிக் கடல்வழியே குமரிமுனையைச் சுற்றி வருவதுதான் இயல்பான வழி. ஏலமும் தேயிலையும் கிழக்கே இறங்கின. மரம் மேற்கே இறங்கியது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் ஏலமலையில் மேல்மரங்கள் பலவற்றை விட்டுவைக்க வேண்டியிருந்தது. அந்த வகையில் ஏலம் மரங்களுக்குக் காவலாகவும் இருந்தது.

நட்டு நிறுத்தும் முறை

பாய்மரம் மூன்று இடங்களில் பிடிக்கப்படுகிறது. அடிமுனை சதுரமாகச் செதுக்கப்பட்டு, ஏராவின்மேல் பதித்த கனத்த கட்டையின் குழியில் இறங்குகிறது. ஏரா என்பது தோணியின் முதுகெலும்பான அடிமரம். மேல்தட்டு மட்டத்தில் குறுக்கு விட்டத்திலுள்ள துளை வழியாகப் பாய்மரம் மேலேறும். அத்துளையின் இடைவெளியில் மர ஆப்புகள் சுற்றிலும் அடித்து இறுக்கப்படும். உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து கயிறுகள் இருபக்க விளிம்புகளுக்கும் முன்பக்கம் அணியத்துக்கும் இழுத்துக் கட்டப்படும். காற்று பாயில் தள்ளும் விசையை உண்மையில் தாங்குவது கயிறுகள். மரம் அமுக்கத்தைத் தாங்குகிறது. கயிறு தளர்ந்தால் மரம் வளையத் தொடங்கும்; வளைந்த மரம் தட்டு மட்டத்தில் முறியும்.

பாயைச் சுமக்கும் குறுக்குமரம் பருமல் எனப்படுகிறது. அதை மேலேற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையைப் பிடித்துக் காற்றுக்கேற்ப இழுக்கும் கயிறு தாமான். இந்தச் சொற்கள் அகராதியில் இருக்கின்றன. கடற்கரையில் முதியவர்களிடமும் இருக்கின்றன. முக்கோணப் பாய் கொண்ட கலங்களில் பருமல் மிக நீளமானது. திசை மாறும்போது அதைப் பாய்மரத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் பக்கக் கயிறுகளை நிரந்தரமாகக் கட்டிவைக்க முடியாது. காற்று வரும் பக்கத்துக் கயிறு இறுக்கப்படும், மறுபக்கத்துக் கயிறு அவிழ்க்கப்படும். இந்த மாற்றத்தில் ஒரு கணம் பிசகினால் மரம் ஆதரவின்றி நிற்கும். ஆகவே கயிற்றைக் கட்டும் கலாசியின் கைவேகம் பாய்மரத்தின் ஆயுளைத் தீர்மானித்தது. கட்டளையிடும் தண்டலும் இதை அறிந்தே காற்று முற்றுமுன் பாயைச் சுருக்கச் சொல்வார்.

கட்டுமரத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. சிறிய பாய்மரத்தைக் கட்டையின் குழியில் செருகிக் கயிற்றால் கட்டுவார்கள். கரை சேர்ந்ததும் கழற்றித் தோளில் சுமந்து போவார்கள். தினமும் கழற்றிக் காயவைப்பதால் அதன் அடி அழுகுவதும் குறைவு. பெரிய தோணியின் பாய்மரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பழுது

கடல்நீர் பாய்மரத்தைக் கெடுக்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் உப்பு மரத்தைப் பெருமளவு காக்கிறது. பகையாவது மழைநீர். ஆப்புகளின் இடுக்கு வழியாக மழைநீர் மரத்தை ஒட்டியே வழிந்து அடிக்குழியில் தேங்கும். காற்றோட்டமில்லாத அந்தக் குழியில் பூஞ்சை வளர்ந்து மரம் உள்ளிருந்து அழுகும். வெளியே எண்ணெய் பூசிப் பளபளக்கும் மரம் உள்ளே மாவாகியிருக்கலாம். கொட்டாப்புளியால் தட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட மரம் பொத்தென்று ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் கூர்முனையால் குத்தினால் உண்மை தெரிந்துவிடும். ஆப்பிருந்த இடத்தையும் இரும்பு வளையங்களின் அடியையும் இதேபோல் பார்க்க வேண்டும்.

வெடிப்புகள் எல்லாம் ஒன்றல்ல. நெடுகிலும் நாரோடு ஓடும் வெடிப்பு மரம் காயும்போது இயல்பாக வருவது, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தாலும் அந்த மரத்தை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது. நெடுவெடிப்பில் கெட்டியான பொருளைத் திணித்து அடைப்பதும் தவறு. மரம் நனைந்து பருக்கும்போது அந்த அடைப்பே ஆப்பாகி வெடிப்பைப் பெரிதாக்கும். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது இதற்குப் பொருத்தமானது. அது இளகிக்கொடுக்கும்.

அடி அழுகிய பாய்மரத்தை மீட்க இரண்டு வழிகள் உண்டு. அழுகிய பகுதியை அறுத்தெறிந்துவிட்டு, குறைந்த உயரத்துக்கு ஈடாக அடிக்குழியின் கட்டையை உயர்த்துவது முதல் வழி. செலவு குறைவு. அழுகல் கொஞ்சமாக இருந்தால் மட்டுமே இது பயன்படும். உயர்த்திய கட்டை நகராமல் ஏராவோடும் வங்குக்கால்களோடும் சேர்த்துப் பிணைக்கப்பட வேண்டும். இல்லையேல் கலம் உருளும்போது பாய்மரத்தின் அடி நழுவிக் கீழ்ப்பலகையை உடைக்கும். இரண்டாவது வழி ஒட்டுப்போடுவது. பழைய மரத்தையும் புதிய துண்டையும் நீண்ட சரிவாகச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்துவார்கள். மரத்தின் குறுக்களவு ஓர் அடி என்றால் சரிவின் நீளம் எட்டு முதல் பன்னிரண்டு அடி வரை இருக்க வேண்டும். இரு முகங்களும் ஒளி புகாதபடி படிய வேண்டும். பிறகு இரும்பு வளையங்களோ இறுக்கிய கயிற்றுச் சுற்றோ போடப்படும். ஒட்டுக்கென நல்ல மரத்திலும் சில அடியை இழக்க வேண்டியிருப்பதால், மலைமரம் கிடைப்பது அரிதாகும்போது இந்த முடிவு எளிதாக இருந்திருக்காது. புதிய மரத்துக்குச் செலவிடுவதா, பழையதை இன்னொரு பருவம் ஓட்டுவதா என்ற கேள்வியில் பணம் தோணிக்காரருடையது, உயிர் தண்டலுடையதும் கலாசிகளுடையதும்.

கடலிலேயே மரம் கீறிவிட்டால் செய்வது வேறு. உதிரிக் கழிகளைக் கீறலின் இருபக்கமும் எலும்பு முறிவுக்குப் பத்தை வைப்பதுபோல் வைத்து, ஈரக்கயிற்றால் நெருக்கமாகச் சுற்றி, கயிற்றுக்கு அடியில் சிறு ஆப்புகளைச் செருகி இறுக்குவார்கள். அதன்பின் முழுப் பாய் ஏற்றக் கூடாது. குறைந்த பாயில் அருகிலுள்ள துறைக்குப் போய்ச் சேரலாம்.

பெரிய பாய்மரத்தைத் தூக்கி இறக்கப் பாரந்தூக்கி இல்லாத துறைகளில் இரண்டு நெடுமரங்களைக் கவட்டையாகச் சேர்த்துக் கட்டித் தோணியின் மேல் நிறுத்துவார்கள். கவட்டையின் உச்சியில் கப்பி கட்டிப் பாய்மரத்தை மேலே உருவி எடுப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்கள் பாய்த்தோணிகளுக்கு ஓய்வுக்காலம். கலப்பற்று வேலையும், அதாவது பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கும் வேலையும், பாய்மர வேலையும் ஓடாவிகளுக்கு அப்போதுதான் குவியும்.

கயிறு

பழைய தோணிகளின் கயிறு தென்னைநார்க் கயிறு. கடல்நீரில் எளிதில் மக்காது, மிதக்கும், இழுத்தால் சற்று நீளும். இந்த நீளும் குணமே அதன் பலமும் பலவீனமும். திடீர்க் காற்றில் அதிர்ச்சியைக் கயிறு வாங்கிக்கொள்வதால் மரம் தப்பும். ஆனால் நீண்ட கயிற்றை அடிக்கடி இறுக்காவிட்டால் பாய்மரம் ஆடும். ஆடும் மரம் ஆப்புகளைத் தளர்த்தும். தளர்ந்த ஆப்பின் வழியே நீர் இறங்கும். இரும்புக் கம்பிவடம் வந்த பிறகு நீட்சிப் பிரச்சினை தீர்ந்தது. அதே சமயம் அதிர்ச்சி முழுவதும் மரத்துக்கும் விளிம்பிலுள்ள பிடிப்புகளுக்கும் போனது. பழைய கலத்தில் கம்பிவடத்தை அளவுமீறி முறுக்கினால் பாய்மரம் ஆப்புபோல் ஏராவை அழுத்தி அடிப்பலகை இடுக்குகளைத் திறந்துவிடும்.

கம்பி வந்ததன் இன்னொரு விளைவு மரம் முறிந்த பிறகே தெரியும். கயிற்றை அரிவாளால் ஒரு வெட்டில் அறுத்து முறிந்த மரத்தைக் கழற்றிவிடலாம். கம்பிவடம் அப்படி அறுபடாது. முறிந்த பாய்மரம் அதில் தொங்கியபடி அலைக்கு அலை கலத்தின் பக்கத்தை இடிக்கும். 2018 செப்டம்பர் 21 அன்று இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில், தென்னிந்தியப் பெருங்கடலின் புயலில் பாய்மரத்தை இழந்தார். முதுகு காயத்துடன் நகர முடியாமல் கிடந்த அவரை மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் மீட்டது. அவருடைய ‘துரியா’ கோவாவில் கட்டப்பட்ட 32 அடிப் படகு. 1960-களில் பம்பாயில் இந்தியத் தச்சர்கள் தேக்கில் கட்டிய ‘சுஹைலி’யின் மறுவடிவம் அது. அசல் சுஹைலியில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69-ல் 312 நாட்களில் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார். டோமி 2022-ல் தொடங்கிய அடுத்த போட்டியில் வேறொரு படகில் கலந்துகொண்டு, 2023 ஏப்ரலில் இரண்டாமவராக முடித்தார்.

பழஞ்சான்றுகள்

கூம்பையும் பாயையும் களையாமலே பெருங்கலங்கள் காவிரி முகத்துறைக்குள் நுழைந்ததாகப் புறநானூற்றுப் பாடல் ஒன்று சோழன் நலங்கிள்ளியின் நாட்டைப் புகழ்கிறது. அது புகழ்ச்சியாக அமைவதிலிருந்து, ஆழமில்லாத ஆற்றுமுகங்களில் பாய்மரத்தை இறக்குவதும் சுமையைக் குறைப்பதும் வழக்கமாக இருந்தது என்று ஊகிக்கலாம். பாய்மரத்தைக் கழற்றி மாட்டும் திறமை இந்தக் கரையில் அத்தனை பழையது.

சாதவாகனரின் ஈய நாணயங்களில் இரட்டைப் பாய்மரக் கலம் பொறிக்கப்பட்டிருக்கிறது. பக்கக் கயிறுகளும் அதில் கோடுகளாகத் தெரிகின்றன. வைகை கடலில் சேரும் பகுதியிலுள்ள அழகன்குளத்தில் கிடைத்த பானையோடு ஒன்றில் கப்பல் ஓவியம் கீறப்பட்டுள்ளது. கடல்வரலாற்றாய்வாளர் லயனல் காசன் அதை மூன்று பாய்மரம் கொண்ட ரோமானியக் கப்பலாக அடையாளம் கண்டார். போடிச் சரிவில் பெய்யும் மழையும் கொட்டகுடி ஆறு வழியாகத் தேனி அருகே வைகைப் படுகையில் சேர்ந்து அந்தத் திசையில்தான் செல்கிறது.

ரோமானியக் கலங்களில் பாய்மரக் குழிக்குள் ஒரு நாணயத்தை இட்டு அதன்மேல் மரத்தை நிறுத்தும் வழக்கம் இருந்தது. லண்டனில் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் 1962-ல் கண்டெடுக்கப்பட்ட கலத்தின் குழியில் டொமிஷியன் காலத்து நாணயம் இருந்தது. பின்பக்கத்தில் நற்பேற்றின் தெய்வமான ஃபார்ச்சூனாவின் உருவம். அழுகுவதும் முறிவதும் இந்த இடத்தில்தான் தொடங்கும் என்பதை அந்தத் தச்சர்களும் அறிந்திருந்தார்கள் போலும்.

தமிழில் கப்பல் கட்டும் முறையைக் கூறும் ‘கப்பல் சாத்திரம்’ என்னும் சுவடி, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலக வெளியீடாக 1950-ல் அச்சானது. மரத்தின் குணம், ஏராவின் அளவு, நாள், நிமித்தம் ஆகியவை அதில் கலந்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் இந்தியப் படகுகளை நேரில் பார்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹார்னல். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய அவர், இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வை 1920-ல் வெளியிட்டார். பாக் நீரிணைப் படகுகள் காற்றில் சாயாமலிருக்கப் பலகையைப் பக்கவாட்டில் நீட்டி அதன்மேல் ஆட்களை உட்காரவைக்கும் முறையை அவர் விவரித்திருக்கிறார். பாய்மரத்தின் பளுவை மனித உடலின் எடையால் ஈடுகட்டும் ஏற்பாடு அது.

நீரிணைக்கு அப்பால் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலின் கதை யாழ்ப்பாணத்தில் எல்லாரும் அறிந்தது. 89 அடி நீளமுள்ள அதை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் சூயஸ் வழியாக அட்லாண்டிக் கடலைக் கடந்து செலுத்தி 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் சேர்த்தனர். வேம்பும் இலுப்பையும் கொண்டு உள்ளூர் மேஸ்திரிமார் கட்டிய கலம் அது.

எந்திரம் வந்த பின்

இந்திய வணிகக் கப்பல் சட்டம் 1958-ல் இயற்றப்பட்டபோது பாய்க்கலங்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. எந்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாயால் மட்டுமே செல்லப் போதுமான பாய்ப்பரப்பு உள்ள கலம் பாய்க்கலம் என்று அது வரையறுத்தது. ஆகவே எந்திரம் பொருத்திய தோணியும் ஏட்டில் பாய்க்கலமாகவே தொடர முடிந்தது. அதற்குப் பாய்மரமும் தேவைப்பட்டது. நடைமுறையில் பாய்மரத்தின் வேலை மாறிவிட்டது. எந்திரத் தோணியில் அது சரக்கு மூட்டையைத் தூக்கும் தூண், விளக்கைத் தாங்கும் கம்பம். காற்றின் முழு விசையையும் தாங்க வேண்டிய கட்டாயம் போனதும் அடிக்குழியைத் தட்டிப் பார்க்கும் பழக்கமும் தளர்ந்தது. மீன்பிடியில் கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொருத்து எந்திரமும் பரவியபின் சிறு கலங்களில் பாய்மரமே மறைந்தது.

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்லும் மரத்தோணிகள் எந்திரத்தில்தான் ஓடுகின்றன. நடுக்கடலில் எந்திரம் நின்றுபோனால் தோணி காற்றடிக்கும் பக்கமாக மிதந்து போகும். அப்போது பருமலை ஏற்ற ஆஞ்சானும் அதை இழுக்கத் தெரிந்த கலாசியும் இருந்தால், அந்தத் தூண் மீண்டும் பாய்மரமாகும்.